பறக்கும்போது காக்கும் பிளான், பார்சலில் வரும்போது காக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆறு மாதத்திற்குள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. இன்டர்நெட் வழியாக ஏதாவது ஒரு பொருளை ஆர்டர் செய்து பார்ப்பார்கள். முதலில் ஒரு பென் டிரைவ். அடுத்து ஒரு ஹெட்போன். பணம் சரியாகப் போகிறது, பொருளும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது என்று தெரிந்தவுடன் துணிச்சல் வந்துவிடும். அதன் பிறகு விலை கூடிய பொருள்கள் மீது கண் போகும். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் பலர் இப்போது இப்படி ஆசைப்பட்டு வாங்கும் பொருள்களில் ஒன்று ட்ரோன்.

ட்ரோன் என்றவுடன் விளையாட்டு விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ப்ராசசர், மெமரி, சென்சார், கேமரா, பேட்டரி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம், அது பறக்கும் என்பதுதான். பறக்கும் பொருள் என்றைக்காவது விழும். மரத்தில் மோதும். குளத்தில் இறங்கும். எனவே இதை விற்கும் நிறுவனங்கள், பணம் கட்டும் பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, ப்ரொடெக்ஷன் பிளான் வேண்டுமா என்று கேட்கின்றன. அதாவது பாதுகாப்புத் திட்டம். நாமும் எதற்கும் இருக்கட்டுமே என்று கட்டத்தில் டிக் செய்துவிடுகிறோம்.

இனி எது நடந்தாலும் கவலை இல்லை என்பதுதான் அந்த டிக்கிற்கு நாம் கொடுக்கும் அர்த்தம். பிளானின் விதிகளில் அந்த அர்த்தம் இல்லை. குறிப்பாக, ட்ரோன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்குப் பார்சலாக வரும் வழியில் உடைந்தால், இந்த பிளான் பெரும்பாலும் உதவிக்கு வராது. இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே, அதே பக்கத்தில், பெரிய எழுத்தில் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்பது என் கருத்து. இன்று அப்படிச் சொல்வதை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது.

மூன்று கதவுகளும் மூடியது எப்படி?

என் அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சுமார் 700 சிங்கப்பூர் டாலருக்கு ஒரு சிறிய ட்ரோனை ஆர்டர் செய்தான். பொருள் சீனாவிலிருந்து விமானம் மூலம் வந்தது. பிளானுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தான். விற்றவர், கொண்டு வந்தவர், பிளான் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் இங்கே தேவையில்லை. யாராக இருந்தாலும் கதை இப்படித்தான் போயிருக்கும்.

பார்சல் வந்த அன்று அவன் ஊருக்குக் கிளம்பிக் கொண்டிருந்தான். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி இருந்ததைப் பார்த்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டு வாங்கி, கட்டில் மேல் வைத்துவிட்டுப் பொங்கலுக்கு வந்துவிட்டான். திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தது பதினாறாவது நாள். உள்ளே ட்ரோனின் கேமரா ஒரு பக்கமாகத் தொங்கிக் கொண்டிருந்தது.

கேமராவை ஆடாமல் பிடித்துக் கொள்ளும் உறுப்புக்கு கிம்பல் என்று பெயர். மூன்று சிறிய மோட்டார்கள், சில ரப்பர் குமிழ்கள், தலைமுடி போல் மெல்லிய கேபிள்கள் ஆகியவற்றால் ஆனது. ட்ரோனில் மிக நாசூக்கான பாகம் அதுதான். அதனால்தான் கேமராவின் மீது ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புகிறார்கள். பெட்டி பலமாக அடிபட்டால் அந்த மூடி மட்டும் போதாது.

அவன் முதலில் பிளான் கொடுத்தவருக்கு எழுதினான். 'எங்கள் பிளான் நீங்கள் பயன்படுத்தும்போது நடக்கும் விபத்துக்கு. வழியில் உடைந்ததற்கு விற்றவரைக் கேளுங்கள்' என்று பதில் வந்தது. விற்றவருக்கு எழுதினான். 'சேதம் வழியில் ஏற்பட்டது என்று கூரியரிடம் சான்று வாங்கி அனுப்புங்கள்' என்றார்கள். கூரியர்காரரைக் கேட்டான். 'நல்ல நிலையில் பெற்றுக் கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பதினான்கு நாளும் கடந்துவிட்டது' என்றார்கள்.

மூவரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். அவரவர் விதிப்படி அவரவர் பேசியதும் சரி. ஆனால் மூன்று சரியும் சேர்ந்து அவன் தலையில் நஷ்டமாக விழுந்தது. நம் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் மாமாதானே என்று எனக்குப் போன் செய்தான். அவனுக்காகப் படிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பொருளுக்கு மூன்று வாக்குறுதிகள்

வாரண்டி, ப்ரொடெக்ஷன் பிளான், டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒன்று என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

வாரண்டி என்பது பொருளைத் தயாரித்ததில் குறை இருந்தால் அதைச் சரி செய்து தருவதாகக் கொடுக்கும் உறுதி. மோட்டார் தானாக நின்று போனால் வாரண்டி. நீங்கள் சுவரில் மோதி நின்று போனால் வாரண்டி கிடையாது.

ப்ரொடெக்ஷன் பிளான் என்பது அந்த இரண்டாவது நிலைக்கு உரியது. அதாவது உங்கள் கையில் நடக்கும் விபத்துக்கு. உதாரணத்திற்கு, சீனாவின் ஷென்ஜென் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜே.ஐ. நிறுவனத்தின் 'கேர் ரெப்ரெஷ்' என்ற திட்டத்தை எடுத்துக் கொள்ளலாம். மோதல், தண்ணீரில் விழுதல் போன்ற விபத்துகளில் ட்ரோன் கெட்டுப் போனால், ஒரு குறிப்பிட்ட கட்டணம் வாங்கிக் கொண்டு மாற்று ட்ரோன் தருவார்கள். திட்டக் காலத்திற்குள் இத்தனை முறைதான் என்று கணக்கும் உண்டு. ஆக, இதில் மாற்று ட்ரோன் இலவசமும் இல்லை, எண்ணிக்கை இல்லாததும் இல்லை.

டிரான்சிட் இன்சூரன்ஸ் என்பது பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குப் போகும் வழியில் ஏற்படும் நஷ்டத்திற்கு. இதைப் பெரும்பாலும் அனுப்புபவர்தான் எடுக்க வேண்டும். வாங்குபவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பணம் கட்டும் பக்கத்தில் ப்ரொடெக்ஷன் பிளானுக்குக் கட்டம் இருக்கும். டிரான்சிட் இன்சூரன்ஸுக்குக் கட்டம் இருப்பது அபூர்வம்.

பிளான் எப்போது பிறக்கிறது?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ட்ரோனை வாங்கியவுடன் பறக்கவிட முடியாது. விண்டோசை ஆக்டிவேட் செய்வது போல, நிறுவனத்தின் ஆப் மூலம் இன்டர்நெட்டில் இணைத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும். ட்ரோனோடு சேர்த்து வாங்கும் பிளான், அந்த ஆக்டிவேஷன் நடக்கும்போதுதான் நடைமுறைக்கு வருகிறது. மேலே சொன்ன டி.ஜே.ஐ. திட்டமும் இந்த முறையில்தான் இயங்குகிறது.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் பணம் கட்டிய நாளில் பிளான் தொடங்குவதில்லை. பொருள் கிடங்கிலிருந்து கிளம்பும் நாளிலும் தொடங்குவதில்லை. விமானத்தில் ஏறி, இறங்கி, லாரியில் குலுங்கி, உங்கள் வீட்டிற்கு வந்து, பெட்டி திறந்து, ஆக்டிவேட் செய்த பிறகுதான் தொடங்குகிறது. அதாவது பயணம் முழுக்க முடிந்த பிறகுதான் பிளானுக்கு உயிர் வருகிறது. அந்தப் பயணத்தில் நடந்ததற்கு அது எப்படிப் பொறுப்பாகும்?

இங்கே சிலருக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றும். எப்படியாவது ஆக்டிவேட் செய்துவிட்டு, நானே கீழே போட்டுவிட்டேன் என்று சொல்லி பிளானில் மாற்று ட்ரோன் வாங்கிவிடலாமே என்று. அக்கா மகனுக்கும் அவன் நண்பர்கள் இதைத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். அது பொய் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், ட்ரோன் ஒவ்வொரு முறை பறப்பதையும் தன் மெமரியில் பதிவு செய்து கொள்கிறது. எத்தனை மீட்டர் உயரம், எந்த வேகம், எப்போது மோதல் என்று எல்லாம் அதில் இருக்கும். பறக்காத ட்ரோன் விழுந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வழியில் ஏற்பட்ட மெல்லிய விரிசலைக் கவனிக்காமல் நீங்கள் ட்ரோனைப் பறக்கவிட்டு, அது விழுந்துவிட்டது என வைத்துக் கொள்வோம். இப்போது அது உங்கள் விபத்து. மாற்றுக் கட்டணம் உங்கள் பணம். பிளானில் உள்ள வாய்ப்புகளில் ஒன்று குறைந்துவிடும். லாரியில் நடந்த தவறுக்கு நீங்கள் தண்டம் கட்டுகிறீர்கள்.

தராசில் நிறுக்கப்படும் நஷ்டம்

சரி, கொண்டு வந்தவர்தானே உடைத்தார், அவரிடமே முழு விலையையும் கேட்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாடு விட்டு நாடு வரும் விமானச் சரக்கிற்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. 1999-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கையெழுத்தானது. சீனா, சிங்கப்பூர், இந்தியா ஆகியவை இதில் உறுப்பு நாடுகள். இந்தியாவில் இது 2009-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் சரக்குக்கான நஷ்ட ஈட்டுக்கு ஓர் உச்ச வரம்பு உள்ளது. அந்த வரம்பு பொருளின் விலையைப் பார்ப்பதில்லை. எடையைப் பார்க்கிறது. ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆரம்பத்தில் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். ஆக இருந்தது. 2009 கடைசியில் 19, 2019 கடைசியில் 22 என்று உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆக இருக்கிறது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியம் வைத்திருக்கும் ஒரு கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஆகிய ஐந்து நாணயங்களின் மதிப்பைக் கலந்து கணக்கிடப்படுகிறது. 26 எஸ்.டி.ஆர். என்பது நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்.

இப்போது அக்கா மகனின் பார்சலை நிறுத்துப் பார்ப்போம். அட்டைப் பெட்டி, ரிமோட், சார்ஜர் எல்லாம் சேர்த்து 1.2 கிலோ. அப்படியானால் உச்ச வரம்பு 31.2 எஸ்.டி.ஆர். சுமார் 55 சிங்கப்பூர் டாலர். பொருளின் விலையோ 700. அவன் முதல் நாளே புகார் கொடுத்திருந்தாலும், கூரியர்காரர் எந்த வாதமும் செய்யாமல் ஒப்புக் கொண்டிருந்தாலும், இந்த ஒப்பந்தப்படி அவர் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியது அந்த 55 டாலர் அளவுக்குத்தான்.

ட்ரோன் தயாரிப்பவர்கள் எடையைக் குறைக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? பல நாடுகளில் 250 கிராம் ஒரு முக்கியமான எல்லை. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் போனால் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நேனோ என்ற தனி வகை. அதனால்தான் 249 கிராம் என்று பெட்டியின் மேல் பெருமையாக அச்சடிக்கிறார்கள். வாங்கும்போது அந்த எடைக் குறைவுக்குத்தான் நாம் அதிக விலை கொடுக்கிறோம். உடைந்துவிட்டால் அதே எடைக் குறைவு நமக்கு எதிராகத் திரும்புகிறது. 1.2 கிலோ பார்சலில் ட்ரோனின் பங்கு கால் கிலோதான். மற்றதெல்லாம் அட்டையும் சார்ஜரும். ட்ரோனைவிட அட்டைப் பெட்டிக்குத்தான் அதிக நஷ்ட ஈடு என்று சொல்லலாம் போலிருக்கிறது.

கிலோ கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. இதற்கு முன்பு 1929-இல் வார்சாவில் போட்ட ஒப்பந்தத்திலும் கிலோவுக்கு 250 பிராங்க் என்றுதான் எழுதினார்கள். கால் கிலோ எடையில் கேமராவும் கம்ப்யூட்டரும் அடங்கும் என்று அன்று யார் நினைத்திருக்க முடியும்? பொருள் மாறிவிட்டது. தராசு மாறவில்லை.

இதற்கு அதே ஒப்பந்தத்தில் ஒரு வழியும் இருக்கிறது. சரக்கை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, தேவையானால் கூடுதல் கட்டணமும் கட்டினால், அந்த மதிப்பு வரை பொறுப்பு உயரும். ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் அனுப்புபவர். வாங்குபவர் கேட்காவிட்டால் அவர் செய்ய மாட்டார். இன்னொன்று, பொருளை அனுப்பியவரே சரியாகப் பேக் செய்யவில்லை என்று நிரூபித்தால் கொண்டு வந்தவர் பொறுப்பிலிருந்து தப்பலாம். தபால் வழியாக வரும் பார்சல்களுக்கு இந்த ஒப்பந்தத்தின்படி நாம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. அவற்றுக்குத் தபால் துறைகளின் தனி விதிகள் உண்டு.

பதினான்கு நாள் கணக்கும் இந்த ஒப்பந்தத்தில் இருப்பதுதான். சேதம் தெரிந்தவுடன் எழுத்தில் புகார் தர வேண்டும். அதிகபட்சம், சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள். உங்கள் சூட்கேஸில் வைத்து விமானத்தில் லக்கேஜாகப் போட்டிருந்தால் 7 நாள்தான். புகார் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கினால், நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்றே எடுத்துக் கொள்வார்கள்.

திருப்பி அனுப்பவும் முடியாது

உடைந்த ட்ரோனைத் திருப்பி அனுப்பினால் மாற்றித் தருகிறோம் என்று விற்பவர் ஒப்புக் கொண்டார் என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதன் பெயர் பேட்டரி.

ட்ரோனில் இருப்பது லித்தியம் பேட்டரி. அடிபட்டால் உப்பும். சில நேரம் தீப்பிடிக்கும். விமானத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே விமானப் போக்குவரத்து விதிகள் இதில் மிகக் கண்டிப்பானவை. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே கூடாது என்று தடை வந்தது. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் 30 சதவீதத்திற்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. சேதமடைந்த, ஆபத்தான நிலையில் உள்ள பேட்டரி என்றால் விமானமே கிடையாது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். நல்ல பேட்டரியோடு விமானத்தில் வந்த ட்ரோன், வழியில் அடிபட்டுப் பேட்டரி உப்பிவிட்டால் விமானத்தில் திரும்பிப் போக முடியாது. சில பிளான்கள் வாங்கிய நாட்டில் அல்லது பிரதேசத்தில் மட்டும்தான் செல்லும் என்று வேறு விதி வைத்திருக்கின்றன. ஆக, வெளிநாட்டு பிளான் என்பது சில நேரம் நாம் போய்ச் சேர முடியாத ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய சீட்டு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முழு ட்ரோனையோ, பிரித்த பாகங்களின் தொகுப்பாக வரும் ட்ரோனையோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை மத்திய அரசின் வெளிநாட்டு வணிக இயக்குநரகம் 2022 பிப்ரவரி 9 அன்று தடை செய்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே துபாயில் இருக்கும் மச்சானிடமோ, அமெரிக்காவில் இருக்கும் மகனிடமோ ட்ரோன் அனுப்பச் சொல்லாதீர்கள். சுங்கத் துறை பிடித்து வைத்துக் கொண்டால், அந்த நஷ்டத்திற்குப் பணம் தரும் ப்ரொடெக்ஷன் பிளான் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையின் பாடம் ட்ரோனோடு நிற்பதில்லை. லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு, கேமரா என்று வெளிநாட்டுக் கடையில் நீங்கள் வாங்கும் எந்தப் பொருளுக்கும் இதே கணக்குதான். நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், ஒப்பந்தப்படி பொருளைக் கொண்டு செல்பவரிடம் விற்பவர் ஒப்படைத்துவிட்டாலே, மேலோட்டமாகப் பார்த்தால் அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம் என்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பொருள் நுகர்வோரின் கைக்கு வந்து சேரும் வரை நஷ்டம் விற்பவருடையது. ஐரோப்பிய யூனியனிலும் 2011-ஆம் ஆண்டு விதி அப்படித்தான். ஆனால் விற்பவர் காட்டாத ஒரு கூரியரை நீங்களாகத் தேர்ந்தெடுத்து அமர்த்தினால், அவரிடம் ஒப்படைத்த நொடியிலேயே நஷ்டம் உங்களுடையது ஆகிவிடும். வெளிநாட்டில் ஒரு முகவரி கொடுத்து, அங்கிருந்து நம் ஊருக்கு மறுபடி அனுப்பும் சேவையைப் பயன்படுத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்தியாவில் வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கம்பெனிகள் சொல்வதும் நான் சொல்வதும்

பிளான் விற்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. 'பறக்கும்போது எத்தனை ட்ரோன் விழும் என்று எங்களுக்குக் கணக்குத் தெரியும். வழியில் யார் எப்படித் தூக்கிப் போடுவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. அதையும் சேர்த்தால் பிளான் விலை எல்லோருக்கும் ஏறும். ஏமாற்றுபவர்களும் பெருகுவார்கள்' என்பது அவர்கள் வாதம்.

முதல் பாதியை ஏற்றுக் கொள்கிறேன். இரண்டாவது பாதியை ஏற்க முடியவில்லை. பெட்டியை வடிவமைத்தவர்கள் அவர்கள். கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் பெரும்பாலும் விற்பவர்தான். எந்தப் பாதையில் எத்தனை பெட்டி நசுங்குகிறது என்று தெரிந்து கொள்ளும் வசதியும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு பெட்டி வாங்கும் நமக்கு இவை எதுவும் தெரியாது. யாருக்கு அதிகம் தெரியுமோ, யாரால் தடுக்க முடியுமோ, அவர்தான் ஆபத்தைச் சுமக்க வேண்டும்.

அது முடியாது என்றால் குறைந்தபட்சம் இரண்டு காரியங்கள் செய்யட்டும். ஒன்று, பிளானுக்கான கட்டத்தின் அடியிலேயே, 'இது பார்சல் வழியில் ஏற்படும் சேதத்திற்குப் பொருந்தாது' என்று ஒரு வரி எழுதட்டும். நாற்பது பக்க விதிகளுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். இரண்டு, அதன் பக்கத்திலேயே டிரான்சிட் இன்சூரன்ஸுக்கும் ஒரு கட்டம் வைக்கட்டும். விலையைச் சொல்லட்டும். வேண்டுமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்து கொள்கிறோம். தெரிந்து எடுக்கும் ரிஸ்க் வேறு, தெரியாமல் தலையில் கட்டப்படும் ரிஸ்க் வேறு.

நீங்கள் செய்ய வேண்டியவை

கம்பெனிகள் மாறும் வரை நாம் காத்திருக்க முடியாது. எனவே இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

1. ஆர்டர் செய்வதற்கு முன் விற்பவருக்கு இ-மெயில் அனுப்பி மூன்று கேள்விகள் கேளுங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு? பிளான் எந்த நாளில் தொடங்குகிறது? எந்த நாட்டில் சர்வீஸ் கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

2. முழு மதிப்பை அறிவித்து, டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரி குறையும் என்று மதிப்பைக் குறைத்துக் காட்டச் சம்மதிக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. உடைந்தால் அந்தக் குறைந்த மதிப்பைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

3. பார்சல் வந்தவுடன் பெட்டியின் ஆறு பக்கங்களையும், முகவரிச் சீட்டையும் போட்டோ எடுங்கள். நசுங்கி இருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே 'பெட்டி நசுங்கியுள்ளது' என்று எழுதுங்கள். எழுத இடம் கொடுக்காவிட்டால் அன்றே இ-மெயில் அனுப்புங்கள்.

4. அன்றே பிரித்துப் பாருங்கள். வெளியூர் போக வேண்டியிருந்தால் வீட்டில் இருப்பவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். சீரியல் எண் அதில் தெரிய வேண்டும்.

5. ஆக்டிவேட் செய்வதற்கு முன் கைகள், ப்ரொப்பல்லர்கள், கிம்பல், பேட்டரி ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள்.

6. சேதம் இருந்தால் விற்றவர், கூரியர் இருவருக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கூரியரிடம் சேதச் சான்று கேளுங்கள். 14 நாள் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

7. பிரச்சினை முடியும் வரை பெட்டியையும் உள்ளே இருந்த அட்டை, ஸ்பாஞ்ச் ஆகியவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். சரியாகப் பேக் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அவைதான் உங்கள் சாட்சி.

8. உங்கள் கம்ப்யூட்டரில் அந்தப் பொருளின் பெயரில் ஒரு போல்டர் திறந்து கொள்ளுங்கள். பில், பிளான் விதிகள், போட்டோ, வீடியோ, வந்த போன இ-மெயில்கள் எல்லாவற்றையும் அதில் சேமியுங்கள். விதிகளை வாங்கிய அன்றே பி.டி.எப். பைலாக எடுத்து வையுங்கள். பின்னால் அவை மாறக்கூடும். ஒரு காப்பி பென் டிரைவிலும் இருக்கட்டும். கம்ப்யூட்டர் வாங்கியதற்கு இதைவிட நல்ல பயன் வேறு என்ன இருக்கிறது?

அக்கா மகன் கடைசியில் தன் கைப்பணத்தைப் போட்டு கிம்பலை மாற்றினான். அதற்குப் பிறகு ஆக்டிவேட் செய்ததால் பிளான் இப்போது ஓடிக் கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு முறைகூட ட்ரோன் விழவில்லை. 'மாமா, இப்போது பிளானுக்கு வேலையே இல்லை' என்று சிரிக்கிறான். வேலை இருந்த நாளில் அது வரவில்லை என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பாடம்.

ப்ரொடெக்ஷன் பிளான் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறக்கப் பழகுபவருக்கு அது நல்ல துணை. ஆனால் அடுத்த முறை அந்தச் சின்னக் கட்டம் உங்கள் திரையில் தெரியும்போது, மவுஸை நகர்த்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இது எந்த நாளிலிருந்து என்னைக் காக்கும்? பதில் தெரிந்த பிறகு டிக் செய்யுங்கள்.